பார்க்க மட்டும்

வேலைக்கு இனி வர வேண்டாம் என்று அலுவலகத்தில் பக்குவமாகச் சொல்லி அனுப்பிய பிறகும், அக்கா காலையில் எழுந்து தலை வாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவாள். அவள் கணவர் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடி, இன்றைக்கு லீவு என்று சொல்லி அழைத்து வருவார். ஒரு நாள் சொன்னால் அது லீவு. தினமும் சொன்னால் எத்தனை நாளைக்குத்தான் செல்லும்? அவளுக்குப் புரிந்துபோன அன்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றுதான் அவர் தன் மைத்துனனுக்குப் போன் செய்தார்.

மைத்துனன் என்றால் அக்காவின் ஒரே தம்பி. அவள் வேலை பார்த்த இடத்திலேயே அவளுக்கு அடுத்த நிலையில் இருந்தவன். நகரம் முழுக்கக் கிளைகள் வைத்து ரத்தப் பரிசோதனை செய்யும் நிறுவனம் அது. அத்தனை முடிவுகளும் தங்கியிருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு. அவள் சேர்ந்த புதிதில், மருமகள் சர்வர் வேலை பார்க்கிறாள் என்று மாமியார் பெருமையாகச் சொல்லப்போய், எந்த ஹோட்டலில் என்று உறவுக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சர்வர்களுக்கு அவள் வைத்த பெயர்களும் அந்த மாதிரிதான். எல்லாத் தகவலும் குடியிருக்கும் பெரிய இயந்திரம் பெரியப்பா. அதன் நகலைச் சுமந்துகொண்டு பக்கத்தில் காத்திருப்பது சித்தப்பா. யார் உள்ளே நுழைந்தாலும் நிறுத்தி விசாரிப்பது மாமியார். அடிக்கடி முறுக்கிக்கொண்டு நின்றுவிடும் பிரிண்டர் சர்வர், கொழுந்தன். அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்தப் பெயர்களே பழகிவிட்டன. வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டதுபோல.

ஒரு நாள், பராமரிப்புக்காகச் சித்தப்பாவை அணைக்கப் போனவள் பெரியப்பாவை அணைத்துவிட்டாள். எல்லாக் கிளைகளிலும் திரை வெறிச்சென்று ஆனது. அறுவைச் சிகிச்சைக்குத் தயாராக ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு, அவருடைய ரத்த முடிவுக்காக மருத்துவமனையிலிருந்து மாறி மாறிப் போன் செய்தார்கள். நல்லவேளையாக விபரீதம் எதுவும் நடக்கவில்லை. யாருக்கும் கை தவறுவது உண்டு என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். தம்பி மட்டும் அதை நம்பவில்லை. திரையில் இருந்த பெரியப்பா என்ற பெயரை, முன்பின் பார்த்திராத ஒன்றைப் போல அவள் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கவனித்திருந்தான். பிறகு மருத்துவர்கள், பரிசோதனைகள். மறதி நோய், வயதாவதற்கு முன்பே வந்துவிட்டது, வந்தது திரும்பிப் போகாது என்றார்கள்.

அக்காவின் கணவரான மாமா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பழகிய வேலை எதையாவது கையில் கொடுத்து வைக்கச் சொல்கிறார் டாக்டர். ஆபீஸில் இருக்கும் அந்தத் திரைகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

மேலாளர் முதலில் தலையாட்ட மறுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்த மருத்துவமனைப் போன்களை எல்லாம் எடுத்துப் பேசியவர் அவர். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பார்க்கலாம், எதையும் மாற்ற முடியக்கூடாது. அவளுடைய பழைய கணக்கையே தம்பி அப்படி மாற்றியமைத்தான். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்களின் குழுவில் தன் அக்காவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிச் சேர்த்தான்.

விடுமுறை நாள் ஒன்றில், அந்தத் திரைகளைக் காட்டும் மென்பொருளை நிறுவும் கோப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். ஜன்னலோரம் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர் அவள் மகளுடையது. படிக்க வெளியூர் போன மகள் விட்டுச்சென்றது. நெடுநாளாகத் திறக்காததால் அப்டேட் முடியவே நேரம் பிடித்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் கோப்பின் மேல் இரண்டு முறை தட்டப் போனான்.

"ரைட் கிளிக் பண்ணு," என்றாள் அக்கா. "அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட விடு. இல்லேன்னா பாதியில நின்னுக்கிட்டு கழுத்தறுக்கும்."

அவன் அப்படியே செய்தான். இந்தக் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்டது. அவனுக்கு முன்னால் அவள் கை நீண்டு சம்மதம் சொன்னது. எந்த போர்ட்டில், அதாவது இணைப்பு நுழையும் எந்த வாசலில், இயங்க வேண்டும் என்று அடுத்து கேட்டபோது, அது சொல்வதையே வைத்துக்கொள், வேறு எதுவும் அங்கே குந்தியிருக்கிறதா என்று மட்டும் பார் என்றாள். பார்த்தால், மகளுடைய பழைய விளையாட்டு ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. அதை நீக்கிவிட்டுத் தொடர்ந்தார்கள். சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை வந்தது. இது தனக்குத் தானே நற்சான்று கொடுத்துக்கொள்கிற ஆள், வெளியில் நம்பக்கூடாது, வீட்டுக்குள் பரவாயில்லை என்று சொல்லிச் சிரித்தாள். மாமா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அக்கா கேட்டாள்.

"அம்மாவுக்குப் போன் பண்ணினியா?"

அம்மா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. சமையலறைக்குள் திரும்பியிருந்த மாமாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

"பண்ணினேன்க்கா," என்றான் தம்பி. "நல்லா இருக்காங்களாம்."

கோடு முடிவைத் தொட்டது. அலுவலகத்தோடு இணைப்புக் கொடுத்து, அவளுடைய கணக்கை உள்ளிட்டான். சர்வர்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. பெரியப்பா, சித்தப்பா, மாமியார், கொழுந்தன். ஊருக்குப் போய்த் திரும்பியவள் வீட்டு ஆட்களைப் பார்ப்பதுபோல அவள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். நினைவகம், வெப்பம், ஹார்ட் டிஸ்கில் மிச்சமிருக்கும் இடம். பிறகு, எதையாவது மறுபடி இயக்க வேண்டுமென்றால் எப்படி என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவன் பதில் தயாரித்து வைத்திருந்தான். இப்போது விதி மாறிவிட்டது, யார் செய்தாலும் இன்னொருவர் ஒப்புதல் வேண்டும், அவள் சொன்னால் அவன் ஒப்புதல் கொடுப்பான் என்று சொன்னான். நல்ல விதி என்றாள் அக்கா.

அதன்பிறகு அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. குளித்து, உடுத்திக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்காருவாள். தம்பிக்குப் போன் வரும். கொழுந்தனுக்கு வயிறு ரொம்பிவிட்டது, பழைய கோப்புகளைத் தூக்கு என்பாள். போய்ப் பார்த்தால் சரியாகவே இருக்கும். சில சமயம் முந்தின நாள் சொன்னதையே புதிதாகச் சொல்வாள். அவனும் புதிதாகக் கேட்டுக்கொள்வான். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி மற்றவர்களும் அவள் குரலைக் கேட்பார்கள். சாப்பிட்டோமா என்பதே நினைவில் இல்லாதவளுக்கு இது மட்டும் எப்படி நிற்கிறது என்று மாமா வியப்பார். நிற்கிறவரை நிற்கட்டும் என்பதற்கு மேல் தம்பிக்கும் சொல்லத் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பெரியப்பாவிடமிருந்து சித்தப்பாவுக்குப் போகும் நகல் நின்றுவிட்டது. அக்காதான் முதலில் பார்த்தாள். தம்பி கூட்டத்தில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. அவள் தானே அதை மறுபடி இயக்கப் பார்த்திருக்கிறாள். கம்ப்யூட்டர் ஒப்புதல் எதையும் கேட்கவில்லை, அனுமதி இல்லை என்று மட்டும் வந்திருக்கிறது. கூட்டம் முடிந்து அவன் கூப்பிட்டபோது அவள் குரல் அமைதியாக இருந்தது.

"என் கணக்கைத் திறந்து பார்த்தேன். நான் 'பார்க்க மட்டும்' குரூப்ல இருக்கேன்," என்றாள். "அந்தக் குரூப்பை நான்தான்டா உண்டாக்கினேன். புதுசா வர்ற பிள்ளைங்க எதையும் கெடுத்துடக் கூடாதுன்னு."

அவன் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"ஒப்புதல்னு சொன்னியே?"

"பொய்தான்க்கா."



"சரியாத்தான் பண்ணியிருக்க. நானா இருந்தா பார்க்கக்கூட விட்டிருக்க மாட்டேன். போ, நகல் நின்னு போயிருக்கு, முதல்ல அதைப் பாரு."

அவன் சர்வர் அறைக்குள் போய் அதைச் சரிசெய்தான். செய்து முடித்தும் வெளியே வரவில்லை. அந்த அறையில் விசிறிகளின் இரைச்சலில், ஒருவர் அழுதால் அடுத்தவருக்குக் கேட்காது.

மறுநாளும் அவள் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள், போனும் செய்தாள். முன்பு 'செய்' என்று சொன்னவள், இப்போது 'முடிந்தால் பார்' என்று சொன்னாள். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அந்த மாற்றம் தம்பியை உறுத்திக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் இன்னொன்று நடந்தது. மாமா மருந்து வாங்கப் போயிருந்தபோது வீட்டுக்கு ஒரு போன் வந்தது. ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் பணிவாகச் சொல்லி, சரிபார்க்க வேண்டும் என்று அவளுடைய கடவுச்சொல்லைக் கேட்டிருக்கிறான். அக்கா சொல்லிவிட்டாள். மாமா திரும்பி வந்ததும், ஆபீஸில் இன்னமும் என்னைத்தான் கேட்கிறார்கள் என்று முகம் மலரச் சொன்னாள். அவருக்குத் திக்கென்றது. பக்கத்து அறைக்குப் போய்த் தம்பியைப் போனில் கூப்பிட்டார். தம்பி பதறி, யார் யார் உள்ளே நுழைந்தார்கள் என்ற பதிவைத் திறந்து பார்த்தான். வெளியிலிருந்து யாரோ அவள் பெயரில் நுழையப் பார்த்து, அந்தக் கணக்கு அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்கும் என்பதால் முடியாமல் திரும்பியிருந்தான். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அவளிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து போன் வந்தது.

"பேசினது நம்ம ஆளில்ல, இல்லையா?" என்றாள். "உங்க மாமா முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுபோச்சு."

ஒன்றும் ஆகவில்லை, கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்று அவன் சமாதானம் சொன்னான்.

"மாத்தினதையும் கேட்டா சொல்லிடுவேன்," என்றாள் அக்கா. "நாளைக்கு அவன் மறுபடி கூப்பிடுவான். அவன் கெட்டவன்னு எனக்கு ஞாபகம் இருக்காது. என் கணக்கை மூடு."

"அக்கா, அப்புறம் பகலெல்லாம் நீ என்ன பண்ணுவ?"

"அதை நான் பார்த்துக்கறேன். எத்தனை ஜனங்களோட ரத்தம்டா அது. நான் தெளிவா இருக்கிறப்பவே மூடிடு. இந்த மாதிரி இன்னொரு தடவை நானே சொல்வேனான்னு தெரியாது."

அவன் அவளுடைய கணக்கைத் திறந்தான். போனில் அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"அழிச்சிடாதே," என்றாள். "முடக்கி மட்டும் வை. அழிச்சா நான் இத்தனை வருஷம் செஞ்சதுல எல்லாம் பேர் போயிடும். யாரு செஞ்சதுன்னே தெரியாம வெறும் நம்பரா நிக்கும்."

"சரிக்கா."

"முடக்கிட்டியா?"

"முடக்கிட்டேன்."

"இன்னும் என் திரையில தெரியுது பாரு. திறந்திருக்கிற இணைப்பையும் துண்டிக்கணும். எப்பவும் அதை மறந்துடுவ நீ."

அவன் துண்டித்தான். அவள் பக்கத்தில் சின்னதாக ஒரு ஒலி கேட்டது.   அடுத்த மேசைக்காரர் ஏதோ கேட்க வந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"போயிடுச்சு," என்றாள் கடைசியில். "சரி, வேலையைப் பாரு." அவளே போனை வைத்தாள்.

மாலையில் அவன் போனபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் இருட்டுத் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்ததாகவும், பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டதாகவும் மாமா சொன்னார். கம்ப்யூட்டரை எடுத்து வைத்துவிடட்டுமா என்று கேட்டார். தம்பி வேண்டாம் என்றான். ஆனால் சில நாட்களிலேயே அவள் அதை வேறு ஏதோ சாமானாக நினைத்து, மேலே துணி மடித்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

அலுவலகம் அவள் நினைவிலிருந்து முதலில் போனது. பிறகு மகளின் படிப்பு, தெருவின் பெயர், இந்த வீடு யாருடையது என்பது. மாமாவை மட்டும் கடைசிவரை எப்படியோ பிடித்து வைத்திருந்தாள். பெயர் போனாலும், அவர் கை பட்டால் அமைதியாகிவிடுவாள். தம்பி வாரந்தோறும் வந்தான். வருகிறவனை யாரோ தெரிந்த மனிதர் என்ற அளவில் அவள் வரவேற்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவனைக் கேட்டாள். தம்பி சொன்னான். நிறையக் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், அவை நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நின்றால் எங்கோ ஒரு நோயாளி காத்திருக்க வேண்டியிருக்கும் என்று நிதானமாக விளக்கினான். அவள் தட்டில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கவனமாகக் கேட்டாள்.

"கஷ்டமான வேலைதான் போலிருக்கு," என்றாள். "உங்களைப் பார்த்துக்க வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு அக்கா இருக்காங்க," என்றான்.

"அப்ப பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு, அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றாள். தம்பி எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான்.