திரிக்கு விட்ட துளை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. அம்மா வாங்கி வந்த புதுத் துடைப்பத்திலிருந்து உருவி எடுத்தேன். துடைப்பம் எதற்கு என்பது கொஞ்சம் பொறுத்து வரும். அதற்கு முன் எப்படித் தொடங்குவது என்று பார்க்க வேண்டும்.

முதல் தொடக்கம்: "தாமிரபரணிக்கு மேலே மாலை வெயில் பொன்னாக உருகி"

[நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர் வெயில் பொன்னை உருக்கி நான் பார்த்ததில்லை. மெழுகை உருக்கிப் பார்த்திருக்கிறேன். நான் செய்த முதல் மெழுகுவர்த்தியை ஜன்னலில் ஆற வைத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது.]

இரண்டாம் தொடக்கம்: "பிருந்தா என்று ஒரு பெண் இருந்தாள். யாரைக் கண்டும் அவளுக்குக் கூச்சம் கிடையாது."

பிருந்தா மூன்று பக்கம் இருந்தாள். நன்றாகப் பேசினாள். மெழுகு அவள் கையில் சொன்னபடி கேட்டது. எனக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை. அனுப்பிவிட்டேன். ஆனாலும் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பாள்.

மூன்றாம் தொடக்கம்: "என் அக்கா சித்ரலேகாவுக்கு வளைகாப்பு வைத்தார்கள்."

இது போதும்.

2

நான் எழுதுவது யாருக்கும் தெரியாது. ஆகவே உங்களையும் நானே உண்டாக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் திருச்செந்தூர் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் வரப்போகிறது. வெளியே வாழைத் தோட்டங்கள். உங்கள் மடியில் இந்த நோட்டு.

நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கப்புறம் நான் போகவில்லை. அவ்வளவுதான். இதில் வேறு கதை எதுவும் இல்லை. தேட வேண்டாம்.

அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் தாலுகா ஆபீஸ் வேலை பார்க்கும் சிவசங்கரன் அத்தானைக் கட்டிக்கொண்டு போனாள். இதற்கு முன் இரண்டு முறை உண்டானாள். இரண்டு முறையும் தங்கவில்லை.

இரண்டாம் முறை நான் நோட்டில் அந்தக் குழந்தையை எழுதத் தொடங்கினேன். எழுத்தில் அதற்குப் பல் முளைத்தது. நடந்தது. அணைக்கட்டில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக் கை தட்டியது. அது பள்ளிக்கூடத்தில் சேர இருந்த பக்கத்தில் நான் இருந்தபோது, அக்காவைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்து, யாரிடமும் பேசாமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இன்னும் அப்படியே நிற்கிறது:

"புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அது"

3

இந்த முறை ஏழாம் மாதம் வந்தது. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க மெழுகுவர்த்தி செய்து தரச் சொல்லி என்னிடம் கேட்டாள். போனில் எங்கோ பார்த்திருக்கிறாள்.

"சின்னதா, ஒரு கைக்குள்ள அடங்குத மாதிரி. கடையில வாங்குனது வேண்டாம். நீ செய்யி."

அச்சுக்கு வாழைப்பூ மடலைப் பிடித்தேன். உள்பக்கம் வழுவழுப்பாக, தோணி மாதிரி குழிந்திருக்கும். உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவிட்டால் மடல் தானாக விலகிவரும். மெழுகில் மடலின் மெல்லிய கோடுகள் அப்படியே விழுந்திருக்கும். நிறத்துக்குக் கிரேயான் வேண்டும். சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் அது ஏது? எதிர்வீட்டு ஃபஹ்மிதா தன் தங்கையின் பெட்டியைக் கொண்டு வந்தாள். ரோஸ் குச்சியில் ஒரு துண்டு போட்டால் மெழுகு முழுவதும் விடியற்காலை ஆற்றின் நிறத்துக்கு வந்துவிடும். ஓரத்தில் சங்குப்பூ இதழும் வேப்பம்பூவும் ஒட்டினோம். அவற்றைப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துக் காய வைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தால் எனக்கு அன்றுதான் ஒரு உபயோகம் ஏற்பட்டது.

[மடலை உரித்தால் பூ மிஞ்சும். எட்டு நாள் வீட்டில் வாழைப்பூ பொரியல், வாழைப்பூ வடை, வாழைப்பூக் குழம்பு. அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, "புள்ள பொறக்க முன்ன நம்ம எல்லாம் கொல தள்ளிருவோம் போலுக்கே" என்றார். இதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.]

ஒரு நாள் காலை, பாதி மெழுகுவர்த்திகள் ஆறிவிட்டன, பாதி இன்னும் இளக்கமாக இருந்தன. ஃபஹ்மிதா தீப்பெட்டியை எடுத்தாள்.

"ஏளா, ஒண்ண ஏத்திப் பாப்போம். எரியாததக் குடுத்துட்டு அப்புறம் உங்க அத்தமாரு வாயில விழணுமா?"

ஏற்றினோம். சுடர் நின்றது. அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "உள்ளுக்குள்ள யாரோ இருக்க மாதிரி இருக்கு, இல்லா?" என்றாள். அவள் முகத்தில் ரோஸ் வெளிச்சம் விழுந்தது. அந்த நிமிஷத்தை நான் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அது அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

"சரி, நல்லா எரியுது" என்று சொல்லிக்கொண்டே ஃபஹ்மிதா குனிந்து, பிறந்தநாள் கேக்கில் ஊதுவதுபோல ஊதிவிட்டாள்.

புகை எழுந்தது. அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள்.

எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊத மாட்டார்கள். ஒரு பூவை எடுத்துத் திரியில் வைப்பார்கள். 'அணை' என்றுகூடச் சொல்வதில்லை, 'குளிர வை' என்பார்கள். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அக்கா அந்தப் புகையைப் பார்த்ததை நீங்கள் பார்த்திருந்தால் அப்படித் தெரியாது.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மெழுகுவர்த்தி ஒண்ணும் வேண்டாம். பையில ரெண்டு வளையலப் போட்டுக் குடுத்தாப் போதும்."

"அம்மா, அவ எம்புட்டு நாளா இதயே செஞ்சிட்டு இருக்கா" என்றாள் அக்கா.

"நாப்பது பேரு வீட்டுக்குக் கொண்டு போவாவ. நாப்பது பேரும் ஏத்துவாவ, ஊதுவாவ. உன் பேரச் சொல்லிக் குடுத்தத நாப்பது வீட்டுல ஊத விட்டுட்டு நான் இங்கன கெடந்து உறங்கவா?"

"பெரியம்மா, எனக்குத் தெரியாது…" ஃபஹ்மிதா தீப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"நீ என்ன செய்வ. ஊரு பூரா அப்படித்தான் ஊதுதாவ."

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெழுகுவர்த்திக்காக அழவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

4

நான் அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இளக்கமாக இருந்த மெழுகுவர்த்தி ஒன்றின் திரியை, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் ஒரு துளை.

துளைக்குள் பார்த்தேன். அடியில் கொஞ்சம் ரோஸ் நிற இருட்டு.

இங்கே பிருந்தா குறுக்கே வருகிறாள். 'உடனே அவளுக்கு ஒரு எண்ணம் மின்னலென' என்று எழுதச் சொல்கிறாள். அப்படியெல்லாம் மின்னவில்லை. வெகுநேரம் துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணம் பைய வந்தது, வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்களைப்போல.

ஆறியவற்றை மறுபடி உருக்கினேன். திரிக்குப் பதில் எண்ணெய் தடவிய ஈர்க்கை நட்டேன். மெழுகு ஆறியதும் ஈர்க்கை உருவினால் துளை மட்டும் நிற்கும். ஈர்க்குக்குத்தான் அந்தத் துடைப்பம்.

"ஏட்டி, இன்னும் ஒரு நாள்கூடப் பெருக்கல. என் தொடப்பத்த ஏன் பிய்க்க?" என்று அம்மா வந்து நின்றாள்.

"திரி போடல."

"திரி இல்லாம என்னத்துக்கு மெழுகுவர்த்தி?"

"புள்ள வந்த பொறவு திரி குடுத்து அனுப்புவோம். அது வரைக்கும் யாரும் ஏத்த முடியாது. ஏத்தாம ஊத முடியாதுல்லா?"

அம்மா ஒன்றைக் கையில் எடுத்தாள். துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நானும் அப்படித்தான் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

"பொறவு ஏத்திட்டு ஊதுனாவன்னா?"

"திரியோட ஒரு பூவும் வச்சுக் குடுப்போம்."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி வருஷக்கணக்காகிறது. அம்மா சாயங்காலம் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, தொடையில் வைத்து உருட்டத் தொடங்கினாள். "கடத் திரி நிக்காது" என்று மட்டும் சொன்னாள். அவள் உருட்டித் தந்த ஒவ்வொன்றையும் மெழுகில் முக்கி நிமிர்த்தி ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினேன்.

ஊதியதிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமே வராத ஃபஹ்மிதாவை நான்தான் போய்க் கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து, "வாயைக் கட்டிக்கிட்டு வந்தா உங்கம்மா விடுவாவளா?" என்று கேட்டாள். அதற்குள் அம்மாவே தெருவுக்கு வந்து, "வாளா, சங்குப்பூ ஒட்ட ஆளில்ல" என்றாள்.

5

வளைகாப்பன்று அக்கா இரண்டு கையிலும் வளையலோடு உட்கார்ந்திருந்தாள். "நீதான் எல்லாருக்கும் குடுக்கணும். நீதான் சொல்லணும்" என்றாள்.

இந்தப் பகுதியில் பிருந்தா ஒரு சொற்பொழிவே செய்திருந்தாள். நடந்தது இது.

முதலில் அத்தானுடைய அத்தை, விஜயஸ்ரீ அத்தை. மெழுகுவர்த்தியை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள். "என்ன சோப்பு இது? பாக்க அழகா இருக்கே."

சொல்ல வாயைத் திறந்தேன். பழைய வகுப்பறை வந்துவிட்டது. தலையை ஆட்டினேன்.

அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், "வாழப்பூ சோப்பாம்." அவள் அடுத்தவளிடம் சொன்னாள். மூலையில் இருந்தவளிடம் போய்ச் சேரும்போது அது முகத்துக்கு மிகவும் நல்லது, கரும்புள்ளி போகும் என்று ஆகியிருந்தது. "ஓட்டையும் போட்டிருக்காவ. கயிறு கோத்துத் தொங்க விடலாம்" என்றாள் ஒருத்தி.

ஃபஹ்மிதா என் விலாவில் இடித்தாள். "ஏளா, நாளைக்கு நாப்பது பேரும் மெழுகத் தேச்சுக் குளிக்கப் போறாவ. வாயத் தொற."

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்தாள். வளையல்கள் குலுங்கின. அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"சோப்பு இல்ல."

என் குரல்தான். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. கூடம் முழுவதும் திரும்பியது.

"மெழுகுவர்த்தி. திரி பொறவு வரும். புள்ள வந்ததும் வரும்."

யாரும் சிரிக்கவில்லை. விஜயஸ்ரீ அத்தை பைக்குள் போட்டிருந்ததை வெளியே எடுத்து, முந்தானையில் பொதிந்துகொண்டாள். அதற்குப் பிறகு கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொருத்தியும் வாங்கும்போது குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"எனக்கும் திரி வரும்லா?"

"வரும்" என்றேன். ஒவ்வொருத்தியிடமும். கடைசி ஆளும் போனாள். எதை வரும் என்று இத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

6

இப்போது சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்.

இன்று காலை அக்காவுக்கு வலி எடுத்தது. கணக்குக்குச் சற்று முன்னாலேயே வந்துவிட்டது. கார் வந்து நின்றபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "பூவும் வைக்காம, ஊதவும் செய்யாம, எரிஞ்சு முடிஞ்சா அது அணைஞ்சதாத்தானம்மா அர்த்தம்?"

"அது ஒளியெல்லாம் குடுத்துட்டுத் தானாக் குளிருதது. நீ ஏறு."

கார் போய்விட்டது. அப்பாவும் கூடப் போனார். வீட்டில் நானும் ஃபஹ்மிதாவும். மேசையில் பிஸ்கட் டப்பா. காலையிலிருந்து நான் எழுதியவை:

முடிவு ஒன்று: "போன் வந்தது. அம்மாவின் குரலுக்குப் பின்னால் ஒரு சின்ன அழுகை"

[வேண்டாம். எழுதினால் பல் முளைத்துவிடும்.]

முடிவு இரண்டு: "அம்மா தனியாக"

[இதை எழுத மாட்டேன்.]

முடிவு மூன்று முடிவே இல்லை. கண்ணை மூடினால் தெரிவது. பாளையங்கோட்டையில், ஸ்ரீவைகுண்டத்தில், காயல்பட்டினத்தில் ஃபஹ்மிதா சாச்சி என்று கூப்பிடும் அவள் சித்தி வீட்டில், அலமாரிகளில் இருக்கும் ரோஸ் தோணிகள் ஒன்றொன்றாக இறங்கி ஆற்றுக்கு வருகின்றன. சத்தம் இல்லை. அணைக்கட்டின் மேல் தண்ணீரோடு வழுக்கி விழுந்து, நனையாமல் எழுந்து, வாழைகளுக்கு நடுவே கொற்கை வரைக்கும் போகின்றன. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். இப்போது வயல். தோணிகள் வயல் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. கடல் திரும்பி வருமா என்று அவை யாரையும் கேட்கவில்லை. நடுவில் துளையோடு சும்மா நிற்கின்றன.

கண்ணைத் திறந்தால் ஃபஹ்மிதா மல்லிகையை மடியில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏளா, ஒரு சேதியும் வரலியே. திரிக்கு வைக்கப் பூவ இப்பமே கட்டணுமா? வாடிரும்."

"கட்டு."

"வாடுனா?"

"மறுபடி வாங்கிக் கட்டுவோம்."

அவள் கட்டுகிறாள். நான் எழுதுகிறேன். உங்கள் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்க வேண்டியவர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

இந்தக் கடைசிப் பக்கத்தில் ஒரு ஈர்க்கை நட்டு வைத்திருந்தேன். இப்போது உருவிவிட்டேன். துளை இங்கேதான் இருக்கிறது:

(                    )

அம்மா ஒரு திரி கூடுதலாக உருட்டியிருக்கிறாள். யாருக்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், யாராவது வருவாவ" என்றாள். அதை இந்தப் பக்கத்தில் வைக்கிறேன், ஒரு மல்லிகையோடு. அது உங்களுக்கு.

பூ எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்.