விமானத்தில் நின்ற மூன்று பேர்

பனியன் கம்பெனி காம்பவுண்டுக்குள் இருக்கும் அந்த முருகன் கோயில் ஊருக்குப் பொது அல்ல. குடும்பத்துக்கு மட்டும். சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் தங்கராஜும் தம்பி ஆறுமுகசாமியும் திருப்பூருக்கு வந்து, கம்பெனி வைத்து, தலை நிமிர்ந்ததும் முதலில் கட்டியது அதைத்தான். கருவறைக்கு மேலுள்ள விமானத்தில் சாமிகளுக்குக் கீழே, கட்டியவர்கள் கைகூப்பி நிற்கும் சுதைச் சிலைகள். நடுவில் அண்ணன், ஒரு பக்கம் தம்பி.

மறுபக்கம் நின்றவன் பிறகு வந்தவன். ஆறுமுகசாமியின் ஒரே மகன் அருள்செல்வன். சாயத் தொட்டி கழுவ இறங்கி, விஷவாயு அடித்து, உள்ளேயே உயிரை விட்டவன். போன கும்பாபிஷேகத்தின்போது அண்ணன்தான் அழுதுகொண்டே ஸ்தபதியிடம் சொல்லி அவனை அங்கே நிறுத்தினார், கம்பெனிச் சட்டையோடு. அன்றிலிருந்து கிழவர் ஆறுமுகசாமி, சாமியைக் கும்பிடுகிறாரோ இல்லையோ, காலையில் அண்ணாந்து மகனைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

இப்போது அண்ணன் இல்லை. அண்ணன் மகன் தனபால்தான் முதலாளி. மறுபடி கும்பாபிஷேகம் வந்தது. பாலாலயம் செய்து, சாமியின் சக்தியைக் கலசத்துக்கு இறக்கி, தகர ஷெட்டில் வைத்தார்கள். அது ஆன பிறகு விமானத்தில் எதை உடைத்தாலும் பாவமில்லை, எல்லாம் வெறும் சிமெண்டுதான் என்றார் ஸ்தபதி. சாரம் கட்டி, பச்சை வலை போட்டு மூடினார்கள்.

கிழவருக்குத் தனபால் மேல் துளி நம்பிக்கை கிடையாது. ஷெட்டில் இருந்த வெள்ளி வேலாயுதத்தை எடுத்துக்கொண்டு முலாம் பூசியதை வைத்துவிடுவான் என்று அவருக்கு உறுதி. ஷெட் வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு நாள் பூராவும் காவல் இருந்தார். மேலே உளிச் சத்தம் கேட்டது. கேட்கத்தானே செய்யும்?

வர்ணம் பூச வலையைச் சுருட்டியபோதுதான் பார்த்தார். மகன் நின்ற இடத்தில் இரண்டு பாதங்கள் மட்டும் இருந்தன.

"டேய் தனபாலு! எங்கடா என்ற பையன்?"

"சத்தம் போடாதீங்க சித்தப்பா. துணி வாங்கற வெளிநாட்டு பையருங்க கம்பெனிய ஆடிட் பண்ண வர்றாங்க. போன தடவ வந்தவன் அது யாரு சிலைன்னு கேட்டான். நம்ம மேனேஜர் கோமாளி, தொட்டில செத்தவருன்னு உளறிட்டான். ஆர்டரே போயிருக்கும்."

"செத்தது பொய்யாடா?"

"அதுக்குன்னு உச்சீல நிறுத்திக் காட்டோணுங்களா? பாலாலயம் பண்ணித்தானுங்க எடுத்தது. நீங்களும் இங்கயேதான உக்காந்திருந்தீங்க? ஒரு வார்த்த கேக்கலியே."

கிழவர் அண்ணாந்து அந்தப் பாதங்களைப் பார்த்தார். ஆமாம், உட்கார்ந்துதான் இருந்தார். மகன் தலையில் உளி விழும்போது வெள்ளியைக் காத்துக்கொண்டிருந்தார்.

விறுவிறுவென்று சாரத்தில் ஏறினார். ஸ்தபதி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"ஐயா, சாரம் ஆடுதுங்க. இறங்குங்க."

"என்ற சிலையையும் எடுய்யா."

"உசுரோட இருக்கறவங்க உருவத்த உடைக்கக் கூடாதுங்க."

"வெறும் சிமெண்டுன்னு நீதான சொன்ன? எடுக்கறயா, நானே எடுக்கட்டுமா?"

ஸ்தபதி கீழே நின்ற தனபாலைப் பார்த்தார். கிழவர் சுத்தியலைப் பிடுங்கித் தன் சிலையின் முகத்தில் ஓங்கிப் போட்டார். மூக்கு முதலில் போனது. கூப்பிய கைகள்தான் லேசில் விடவில்லை. இதோ தனபால் தடுப்பான், இதோ காலில் விழுவான், பையனைத் திரும்ப நிறுத்துகிறேன் என்பான் என்று ஒவ்வொரு அடிக்கும் காது கொடுத்தார். கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

முழங்கால் வரை உடைத்ததும் மூச்சு வாங்க நின்றார். தனபால் சற்றுப் பின்னால் தள்ளிப்போய் அண்ணாந்து பார்த்தான்.

"இதுவும் நல்லதாப் போச்சு. ஸ்தபதியாரே, அப்பா நடுவுல நிக்கட்டும். ரெண்டு பக்கமும் மயில் வெச்சுருங்க. அம்சமா இருக்கும்."