கோடாலி இல்லாத ஆணி

பார்படோஸில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் தூக்கம் என்பதே கிடையாது. கிழக்கு வெளுக்குமுன்பே ஆலை சுற்றியது. டொனகா மாடுகளை ஓட்ட, நிமிர்ந்து நின்ற மூன்று உருளைகளும் கிறீச்சிட்டன. ஊனா இந்தப் பக்கம் நின்று கரும்பைக் கொடுத்தாள். அந்தப் பக்கம் அவள் தங்கை ரோஷீன் சக்கையை வாங்கித் திரும்ப உள்ளே தள்ளினாள். தோகை கீறிய கைகளில் சாறு பட்டு எரிந்தது. அயர்லாந்தில் அவர்கள் ஊரைக் கொளுத்திய இங்கிலீஷ் பட்டாளம், அகப்பட்டவர்களைக் கப்பலில் அடைத்து இங்கே விற்றுவிட்டிருந்தது.

"அக்கா, கண்ணு சொருகுது."

"எதையாவது பேசுடி. தூங்கிடாத."

"பேச என்ன இருக்கு? மத்தியானம் வெந்த கிழங்கா, வேகாத கிழங்கான்னு வேணா பேசலாம்."

ஊனா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே பக்கத்துத் தூணைப் பார்த்தாள். அதில் அடித்திருந்த ஆணி காலியாக இருந்தது.

அந்த ஆணியில் எப்போதும் ஒரு கைக்கோடாலி தொங்கும். உருளை கையைக் கவ்வினால், மாடுகளை நிறுத்துவதற்குள் ஆள் போய்விடும். கையை வெட்டினால் உயிராவது மிஞ்சும். பாழாய்ப்போன ஏற்பாடு! ஆனாலும் அவர்களுக்கு இருந்த ஒரே காவல் அதுதான்.

"டொனகா, கோடாலி எங்கே?"

"நேத்து சாயங்காலமே துரை உள்ள வச்சுப் பூட்டிட்டாரு. நம்ம கையில இரும்பு இருந்தா அவருக்குத் தூக்கம் வராதாம்."

மாட்டை நிறுத்தச் சொல்ல ஊனா வாயெடுப்பதற்குள், ரோஷீனின் விரல்கள் சக்கையோடு உள்ளே போய்விட்டன.

"வெட்டுக்கா! வெட்டிடுக்கா!"

காலி என்று தெரிந்தும் ஊனா ஆணியிடம்தான் ஓடினாள். டொனகா மூக்கணாங்கயிற்றில் தொங்கினான். மாடுகள் நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது.

வேக்லின் துரை இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்தார். "உருளையக் கழுவுங்க. ரத்தம் கலந்தா சர்க்கரை கெட்டுடும்."

"கோடாலி இருந்திருந்தா அவ பொழைச்சிருப்பா, துரை."

"ஒத்தைக் கைக்காரிய வச்சு நான் என்ன பண்ண? வெட்டின கரும்பு நாளைக்குள்ள புளிச்சுடும். அவ இடத்துல நீ நில்லு."

ஊனா நிற்கவில்லை. தங்கையின் தலையை மடியில் வைத்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். அவர்கள் ஊரில் ஒப்பாரி ஓய்ந்து அடக்கம் முடியும்வரை சாவு வீட்டார் யாரும் வேலையில் கை வைப்பதில்லை. அது தெரிந்துதான் துரை தோட்டத்தில் ஒப்பாரியையே தடுத்திருந்தார். சவுக்கு அவள் முதுகில் விழுந்தது. குரல் உடைந்தது, நிற்கவில்லை. டொனகா மாடுகளை அவிழ்த்துவிட்டான்.

துரை சாற்றுத் தொட்டிப் பக்கம் திரும்பினார். அங்கே நின்றவர்கள் ஆப்பிரிக்கர்கள். அயர்லாந்துக்காரர்களுக்காவது சில வருஷத்தில் விடுதலை என்று ஒரு பேச்சு இருந்தது. இவர்களோ அடிமைகள்; வயிற்றுப் பிள்ளையும் துரைக்கே சொந்தம்.

"அஃபிபா! நீ வா. இன்னைக்கு உனக்கு இறைச்சி."

அவள் எதற்கு நமக்காக அடிவாங்க வேண்டும், போவாள் என்றே ஊனா நினைத்தாள்.

அஃபிபா ஆணியைப் பார்த்தாள். "அதுல கோடாலி தொங்கட்டும், துரை. அப்புறம் வர்றேன். எனக்கும் இருக்கறது ரெண்டு கைதான்."

வந்து ஊனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் விழுந்தது அடி. தொட்டியிலிருந்து மற்ற பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். எத்தனை முதுகைத்தான் ஒரு சவுக்கு அடிக்கும்?

"சிப்பாய்களோட வர்றேன். அத்தனை பேரையும் தொங்கவிடறேன்!" துரை குதிரையேறிப் போனார்.

வெயிலில் கரும்புக் குவியல் சூடேறி லேசாகப் புளித்த வாடை வந்தது.

"புளிக்கட்டும்," என்றான் டொனகா.

அஃபிபா ஊனாவின் முகத்தைத் துடைத்தாள். "உன் தங்கச்சி பேரு என்ன? நாங்களும் பேரச் சொல்லித்தான் அழுவோம்."

"ரோஷீன்."

அஃபிபா அந்தப் பெயரைக் கூவி அழுதாள். மற்ற பெண்களும் அதை வாங்கி அழுதார்கள். சாலையில் குளம்புச் சத்தம் கேட்டபோது, சாறு காய்ச்சும் அடுப்பு அணைந்த கொப்பரை வீட்டிலிருந்தும் அதே பெயர் வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.