கறுப்பு ஃபார்த்திங்

நாணய மன்றத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். பழைய பிரிட்டிஷ் காசு எதை நீட்டினாலும் எந்த ராஜா, எந்த வருடம், எந்த அச்சு என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். தொழிலும் தோதாகத்தான் அமைந்தது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊர்ப்பட்ட கண்ணையெல்லாம் சோதித்து எண் எழுதிக் கொடுத்த மனிதர். அவருடைய சொந்தக் கண் இரண்டும் மங்கி ஆறு வருடம் ஆகிறது என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

நேரே பார்த்தால் புகை. ஓரத்தில் மட்டும் தெரியும். அதனால் தெருவில் நடப்பார், தெரிந்தவர்களைக் கண்டால் கையசைப்பார், ஒருவருக்கும் சந்தேகம் வராது. கடையில் சோதனை பார்க்க ஒரு பெண்ணை வைத்துவிட்டு, அவர் கண்ணாடிச் சட்டங்களுக்கு மெருகு போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணை அலட்சியம் செய்யாதீர்கள் என்று உபதேசம் செய்வார். காசில் இருக்கும் தலை தெரியாது, எழுத்து தெரியாது. ஆனால் கழுகு என்ற பெயரை இறக்கி வைக்க மட்டும் மனம் வரவில்லை.

அந்தப் பெயரைச் சுமந்தவள் அவர் மனைவிதான். மன்றத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. உறுப்பினர் பட்டியலில் இடம் கிடையாது. அவருக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால், சின்னத் தராசும் காகித உறைகளுமாக உட்கார்ந்திருப்பாள். எந்தக் காசு வந்தாலும் முதலில் எடை பார்க்க அவளிடம் போகும். திருப்பிக் கொடுக்கும்போது உதடு அசையாமல் சொல்லிவிடுவாள்.

"பென்னி. ஏழாம் எட்வர்ட். ரெண்டாம் வருஷம். பின்பக்கம் கடல் தாழ்ந்திருக்கு."

அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து, காசை இப்படியும் அப்படியும் சாய்த்து, "ம்ம்" என்று ஒரு நிமிடம் இழுத்துவிட்டு அறிவிப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு. பின்பக்கம் சூலத்தோடு பிரிட்டானியா தேவி உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்குப் பின்னால் கடல்மட்டம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது பாருங்கள், இது அபூர்வ அச்சு. சுற்றி நிற்பவர்கள் வாய் பிளப்பார்கள். நாடகத்தில் மட்டும் மனிதருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

அவள் துணி திருத்தும் தையல்காரி. முப்பது வருடம் ஊசிக் காதையும் நூலையும் பார்த்துப் பழகிய கண். அவர் பார்வை போன புதிதில் காசு அட்டவணைப் புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவருக்காகப் படிக்க ஆரம்பித்தவள் பாதியில் தனக்காகப் படிக்கத் தொடங்கிவிட்டாள். துணி மடிப்புப் பிரித்துக்கொண்டே காசுகளில் வரும் பழைய ராணியின் மூன்று முகங்களையும் மனதில் ஓட்டுவாள்: கொண்டை போட்ட இளம் முகம், குட்டிக் கிரீடம் வைத்த முகம், முக்காடு போட்ட கிழ முகம். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அது.

அவள் ஆசைப்பட்டதும் ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஹாலில் அவர் வாயால் "இதைக் கண்டுபிடிச்சது என் மனைவி" என்று சொல்ல வேண்டும். கேட்டும் பார்த்தாள்.

"சொல்லலாம், சொல்லலாம். சமயம் வரட்டும்" என்றார். சமயம் ஆறு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

சமயம் ஒரு திரைச்சீலையில் வந்தது. மூடிவிட்ட ஒரு நாடகக் கொட்டகையின் காவலாளி பழைய கனத்த திரையைச் சுமந்துகொண்டு வந்தான். வெட்டி இரண்டு ஜன்னலுக்கு ஆகும்படி தைக்க வேண்டும். அடி மடிப்பைப் பிரித்தபோது ஒவ்வொரு சாணுக்கும் ஒரு சின்னத் துணிப் பை தைத்திருந்தது. திரை காற்றில் எழும்பாமல் இருக்கப் போட்ட பாரம். பைக்குள் ஒரு ஃபார்த்திங், கால் பென்னி. பத்து பையில் பத்து. எல்லாம் முக்காடு போட்ட ராணி, எல்லாம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு, எல்லாம் கறுப்பு.

"அந்தக் கறுப்புச் சில்லறையை நான் என்னக்கா பண்ணப்போறேன்? நீங்களே வெச்சுக்கோங்க" என்றான் காவலாளி.

அவள் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அது அழுக்குக் கறுப்பு இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. புதுச் செப்புக் காசு பளபளவென்று இருந்ததால் அதைத் தங்க அரை சவரன் என்று சொல்லி ஏமாற்றினார்கள். அதனால் அந்த வருடம் முதல் நாணயச்சாலையிலேயே கறுப்பேற்றி அனுப்பினார்கள். கைமாறிக் கைமாறி அந்தக் கறுப்பு எல்லாக் காசிலும் தேய்ந்து போயிருக்கும். இவையோ கை படாமல் துணிக்குள்ளேயே இருந்தவை. பத்தும் நேற்று அடித்ததுபோல் மாசு மறுவில்லாத கறுப்பு.

அவரிடம் சொன்னாள். அவர் வெள்ளிக் காசுக்காரர். ஃபார்த்திங் அவருக்கு உப்புப் பெறாத சமாசாரம். ஆனால் ஆண்டுக் கண்காட்சிக்கு வேறு புதிதாக ஒன்றும் கையில் இல்லை.

"சரி, உன் பேருலயே வெப்போம்" என்றார். "அட்டையையும் நீயே எழுது."

அட்டையை நான்கு முறை எழுதினாள். 'கண்டெடுத்து அடையாளம் கண்டவர்' என்று போட்டு, கீழே தன் பெயர். அந்த வயதிலும் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

"கறுப்பு மேல கை வெக்காதீங்க. துடைக்கவே கூடாது. அதுதான் அதோட உயிரே" என்று சொல்லித்தான் கடைப் பெட்டகத்தில் வைக்கக் கொடுத்தாள். அவர் "ம்" என்றார். வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மீதித் துணியை உதறியபோது மூலை மடிப்பிலிருந்து பதினொன்றாவது விழுந்தது. கண்காட்சி அன்று கொடுத்து அசத்தலாம் என்று தன் பர்சில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை. ஹாலில் மேசைகள் போட்டு, நீலத் துணி விரித்து, அவளுடைய அட்டையையும் நிறுத்தியாயிற்று. அவர் பெட்டகத்திலிருந்து கொண்டுவந்த தட்டின் மூடியைத் திறந்தார். பத்து ஃபார்த்திங்கும் புதுப் பித்தளைப் பொத்தான் மாதிரி மின்னின.

அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பின் சுவடே இல்லை.

"எப்படி?" என்று அவர் காதருகில் குனிந்தார். குரலில் சின்னப் பிள்ளையின் குதூகலம். "கண்ணாடி கழுவற மெஷின்ல போட்டேன். அப்புறம் சட்டத்துக்கு மெருகு போடற சக்கரத்துல ஒரு பிடி. கறுப்பா இருந்தப்ப ஒண்ணுமே தெரியல. இப்ப வருஷத்தை நானே படிச்சேன் தெரியுமா? ஒன்பது, ஏழு. உன்னைக் கேக்காம நானே படிச்சேன்."

அதைக் கேட்டு ஒரு கணம் அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆறு வருடத்தில் தானாகப் படித்த முதல் எண். திட்ட வாயெடுப்பதற்குள் மன்றத் தலைவர் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். காசையும் இடுக்கியால் கவ்வித்தான் பார்ப்பார். ஒன்றைக் கவ்வினார், திருப்பினார், வைத்தார். இன்னொன்றைக் கவ்வினார்.

"அடப்பாவமே. யாருய்யா இதை விளக்கினது?"

பின்னால் நாலு பேர் கூடிவிட்டார்கள். கழுகின் முகத்தில் ஈயாடவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேசையில் நின்ற அட்டையைத் தடவி, அதை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

"என் வீட்டுக்காரிதான். போட்டிருக்கு பாருங்க, எல்லாம் அவளோடதுதான்" என்றார், நாக்கில் நரம்பில்லாமல். "நான் வெச்சுட்டுக் கடைக்குப் போயிட்டேன். பாத்திரம் தேய்க்கற மாதிரி தேய்ச்சுட்டா. தையல் வேலை செய்யறவ, அவளுக்குக் காசைப் பத்தி என்ன தெரியும்."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டுக்கு வீடு நடப்பதுதானே என்கிற சிரிப்பு. அதுதான் தாங்க முடியவில்லை. டாக்டர் ரொம்ப நல்ல மனிதர். சொத்தைப் பல்லுக்கு ஆறுதல் சொல்கிற குரலில் அவளுக்கு விளக்கினார்.

"பரவாயில்லம்மா, தெரியாமத்தானே செஞ்சீங்க. இது அழுக்கு இல்ல. புதுக் காசைத் தங்கம்னு ஏமாத்தினாங்கன்னு, அடிக்கற இடத்துலயே கறுப்பு ஏத்தி அனுப்பினாங்க."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வேறென்ன செய்வாள். பர்சுக்குள் பதினொன்றாவது காசு விரலில் பட்டது. எடுத்துக் காட்டினால் தன் புருஷன் பொய்யன் என்று ஹாலுக்கே தெரியும். விரலை எடுத்துக்கொண்டாள். ஆறு வருடம் காத்திருந்து, அவர் வாயால் அவள் பேச்சு வந்தேவிட்டது. வந்த விதம்தான் இது.

தேநீர் நேரத்தில் தூண் ஓரம் அவரைப் பிடித்தாள்.

"நீங்களே போய் டாக்டர்கிட்ட மெதுவாச் சொல்லிடுங்க. கை தவறிச்சுன்னு சொல்லுங்க. போதும்."

"இதைப் போய்ப் பெரிசு பண்றியே. நான் சொன்னா இத்தனை வருஷப் பேரு என்ன ஆகறது?"

"என் பேரு?"

"உனக்கு இங்க ஏது பேரு, கெடறதுக்கு?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருக்கிறதா என்று கேட்பதுபோல் சொன்னார்.

அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள்.

பகல் பன்னிரண்டுக்கு வெளியாட்கள் கொண்டுவரும் காசைப் பார்த்துச் சொல்லும் நிகழ்ச்சி. கழுகுக்காகவே கூட்டம் வரும். முதல் ஆளாக ஒரு பள்ளி ஆசிரியை பெரிய பென்னி ஒன்றை நீட்டினாள். அது வழக்கம்போல் தராசுக்கு வந்தது. தாடி வைத்த ராஜா, வலது பக்கம் பார்த்திருந்தார். பின்பக்கம் பிரிட்டானியா, தாழ்ந்த கடல். அவளுக்குப் பார்த்தவுடன் இனித்தது, ஒரே நொடிதான்.

"ஒன்பது புள்ளி நாலு கிராம்" என்று உரக்கச் சொல்லிக் காசை அவர் கையில் வைத்தாள்.

அவர் இடப்பக்கம் சாய்ந்தார். காத்திருந்தார். "சொல்லு" என்றார் பல்லிடுக்கில்.

"காசு தேய்க்கறவளுக்கு என்னங்க தெரியும்?"

லென்ஸ் அவர் கண்ணுக்குப் போயிற்று. "ம்ம்" என்று இழுத்தார். இந்தத் தடவை ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் ஆனது. காது மடலில் வியர்வை இறங்கியது. கட்டைவிரலால் ராஜாவின் முகத்தைத் தடவினார். தாடி மட்டும் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"ஐந்தாம் ஜார்ஜ்" என்றார். "இருபதுகள்ல அடிச்சது. சாதாரணக் காசும்மா."

ஆசிரியை ஏமாற்றத்துடன் கை நீட்டினாள். டாக்டர் நடுவில் வாங்கிப் பார்த்தார். "என்னய்யா, இது எட்வர்ட் இல்லியா? ஜார்ஜ் இடது பக்கம் பார்ப்பாரு. இவரு மூஞ்சி வலது பக்கம் இருக்கே." பின்பக்கம் திருப்பினார். "கடல் தாழ்ந்த அச்சுய்யா இது. இதைப் போயா..."

பாதியில் நிறுத்தி, காசை விட்டுக் கழுகின் கண்களைப் பார்க்கத் தொடங்கினார். எவ்வளவு ஆனாலும் டாக்டர். சிரிப்பு எங்கிருந்தும் வரவில்லை. கழுகு மனைவியைத் தேடினார். ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் முகத்தைச் சற்று அப்பால் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்படித் திருப்பிக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை அவளுக்கு. வாயெல்லாம் கசந்தது.

"வீட்டுக்குப் போலாம்" என்றார் கடைசியில்.

போகிற வழியில் அவள் தன் மேசையருகே நின்றாள். பர்சைத் திறந்து, பதினொன்றாவது காசைப் பத்துக்கும் பக்கத்தில், தன் பெயர் எழுதிய அட்டைக்குக் கீழே வைத்தாள். பளபளப்புக்கு நடுவே அது கறுப்பாக உட்கார்ந்திருந்தது. இடுக்கியோடு பின்னால் வந்த டாக்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவள் நிற்கவில்லை.

மாடிப்படியில் அவர் கை அவள் தோளைத் தேடியது. கொடுத்தாள். வழக்கமாக அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி படி எண்ணுவாள்.

"பார்த்து" என்றாள், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "இன்னும் மூணு படி இருக்கு."