அடுத்த அறைச் சத்தம்

அப்பா அன்று சொன்ன சொல் 'கதவு' என்றுதான் எனக்கு நினைவு. அக்கா 'கனவு' என்கிறாள். என் நினைவை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் அவர் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவிடம் ஒரு முனகல்தான் மிஞ்சியிருந்தது. அடுத்த அறையில் அக்கா ஒலிப்புத்தகங்களுக்காக வாசித்துப் பதிவு செய்வாள். அந்த நேரத்தில் நடமாட்டம் கூடாதென்று நாங்கள் வெளியே போய்விடுவோம். அத்தானுக்கு வேலை வந்தால் உண்டு. அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பின்னணியில் யாரோ முனகுவதாக நிறுவனம் பதிவுகளைத் திருப்பி அனுப்பியது. இன்னொரு முறை திரும்பினால் வேலை போய்விடும்.

தடுப்புச்சுவர் அமைப்பது அத்தானின் தொழில். இரண்டு அறைக்கும் நடுவே இருந்த பழைய சுவரைத் தொடாமல் சட்டம் நிறுத்தி, இடையில் ஒலியடக்கும் பஞ்சை அடைத்து, இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை அறைந்தார். கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை.

"இனிமே உங்கக்கா என்னைத் திட்டினா வெளியில கேக்காது மாப்ள."

"வெளியில வந்து திட்டிக்கிறேன்," என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

"மொதல்ல கதவைத் தொறந்து வச்சுப் படி. அப்புறம் மூடிட்டுப் படி. வித்தியாசம் பாத்துருவோம்."

அத்தானும் நானும் அப்பாவின் கட்டிலருகே நின்றோம். அக்கா ஒரு வாக்கியத்தை வாசித்து மூச்சு வாங்கினாள். அப்பாவின் வாய் கோணியது. அவள் முடித்த சொல் அவரிடமிருந்து வந்தது, உடைந்து, நனைந்து. அடுத்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லும் வந்தது.

"ஏய், நிறுத்தாத! படி, படி!" என்று அத்தான் கத்தினார்.

அக்கா ஓடிவந்து நின்றாள். சுவர் வழியே முனகலாகக் கேட்டது இதுதான். விஷயம் புரிந்தபின் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு வாசித்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். வாய் அசையவில்லை.

பிறகு அக்காவின் பதிவை ஒலிபெருக்கியில் கட்டிலருகே ஓடவிட்டுப் பார்த்தோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். அவள் முகத்தையே பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த அறையிலிருந்து வரும் குரல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. ஏனென்று மருத்துவருக்கும் தெரியவில்லை.

"சுவரைப் பிரிச்சுரட்டுமா?" என்று அத்தான் கேட்டார்.



"பிரிச்சா, அவருக்கு மருந்து?" என்றாள் அக்கா.

விடுமுறை நாளில் கதவைத் திறந்து வைத்து வாசித்தாள். முதல் வாரங்களில் ஓரிரு சொற்கள் வந்தன. பிறகு அவையும் வரவில்லை. முனகலும் நின்றது. பதிவு மிகச் சுத்தமாக இருப்பதாக நிறுவனம் பாராட்டியது.

அப்பா அந்த மழைக்காலம் முடியுமுன் இறந்தார். அக்கா இன்னும் அதே அறையில் வாசிக்கிறாள். அத்தான் இப்போது கூரை வேலை மட்டும் எடுக்கிறார். நான் வேறு ஊரில் இருக்கிறேன்.