அரைத்தூக்கம்

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றால் மூத்த மருமகள்தான். மாமனாரின் போன் மக்கர் பண்ணினாலும் சரி, கொழுந்தனின் லேப்டாப் உயிரை விட்டாலும் சரி, "பெரியவ வரட்டும்" என்பார்கள். மென்பொருள் கம்பெனியில் அவள் டீம் லீடர். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்து போவாள். இளைய மருமகளும் அதே படிப்பு படித்தவள்தான். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். யாரும் அவளிடம் போனை நீட்டியதில்லை.

அந்த வருஷம் கம்பெனி ஆள் எடுக்கும் முறையை மாற்றியது. விண்ணப்பத்தில் எல்லோருமே சூரப்புலிகள், வேலைக்கு வந்த பிறகுதான் வண்டவாளம் தெரிகிறது என்று மேனேஜருக்கு அலுத்துவிட்டது. இணையத்தில் கோடிங் போட்டி வைத்தார். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். சொந்தப் பெயர் கூடாது, புனைபெயர்தான். தேறியவர்களின் புரோகிராம்களைப் படித்து, நேர்காணலுக்கு ஆள் பொறுக்கும் வேலை மூத்தவளிடம் வந்தது.

முக்கால்வாசி கொட்டாவியைத்தான் வரவழைத்தன. 'அரைத்தூக்கம்' என்ற பெயரில் வந்ததைத் திறந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டெலிவரி வண்டி எந்த வழியாகப் போனால் சீக்கிரம் முடியும் என்பது கணக்கு. மற்றவர்கள் எல்லா வழியையும் போட்டுப் பார்த்துப் பக்கம் பக்கமாக இழுத்திருந்தார்கள். இந்த ஆள் கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கி வந்து நறுக்கென்று முடித்திருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்லை. என்ன மூளைங்கறீங்க" என்றாள்.

"அப்படியாக்கா?" என்றாள் இளையவள், குழந்தையின் வாயைத் துடைத்தபடி. அவ்வளவுதான்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. மேனேஜரும் மூத்தவளும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். படம் தெரிந்ததும் மூத்தவள் கண்ணில் முதலில் பட்டது ஜன்னல் திரைச்சீலை. கடை கடையாக ஏறி இறங்கி வீட்டுக்காக அவளே வாங்கிய நீலப் பூப்போட்ட திரைச்சீலை. அதற்கு முன்னால், தலையைப் படிய வாரிக்கொண்டு, அவளுடைய ஓரகத்தி.

"வணக்கம் சார். வணக்கம் மேடம்" என்றாள் இளையவள், முன்பின் தெரியாதவளைப் போல.

மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. மேஜையில் புகழ்ந்த ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து கன்னத்தில் அறைந்தது. 'எங்க வீட்டு ஆள்' என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. போய்விட்டால் இவள் திணறுவதைப் பார்க்க முடியாதே.

கைவசம் இருந்ததிலேயே கொடுமையான கேள்வியாக எடுத்துப் போட்டாள். இளையவள் தப்பான பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மூத்தவள் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தாள். "இல்ல, இது சரிப்படாது" என்று இளையவளே அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். புரோகிராம் பிசகில்லாமல் ஓடியது.

வீடியோவை நிறுத்தியதும் மேனேஜர் கேட்டார். "எடுத்துடலாமா?"

"திறமை இருக்கு சார். ஆனா கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நம்ம வேலைக்கு எப்படி ஈடு கொடுப்பாங்க?"

மேனேஜர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "குழந்தையா? அவங்க அதைச் சொல்லவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கொழுந்தன் மனைவி, சார்" என்றாள் மூத்தவள்.

"முதல்லயே சொல்லியிருக்கணும்." அவர் குரல் உயரவில்லை. "குழந்தை இருக்கறதை ஒரு குறையாச் சொன்னதும் சரியில்லை. இனிமே ஆள் எடுக்கற வேலைல நீங்க வேண்டாம்."

வேறொரு டீம் லீடர் மறுபடியும் நேர்காணல் செய்தார். இளையவளுக்கு வேலை கிடைத்தது.

சேதி வந்த அன்று அவள் சமையலறையில் பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நீங்க என்னைத் தெரிஞ்சதாவே காட்டிக்கலக்கா. சிபாரிசுல வந்தவன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் உங்ககிட்டயே மறைச்சேன். நீங்களும் அதையே நினைச்சிருக்கீங்க. பெரிய மனசு உங்களுக்கு."

திட்டியிருந்தால்கூட மூத்தவள் தாங்கியிருப்பாள்.

"பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னை எடுக்க வேண்டாம்னு சொல்லப் பார்த்தேன். குழந்தையைக் காரணம் காட்டினேன். மாட்டிக்கிட்டேன்."

இளையவள் குழாயை மூடினாள். முகம் சுண்டிவிட்டது. "ஏன்க்கா?"

"பொறாமை. வேற என்ன."

"பொறாமைப்பட என்கிட்ட என்னக்கா இருக்கு?"

குத்திக் காட்டுகிறாளோ என்று மூத்தவள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். இல்லை, நிஜமாகவே கேட்கிறாள். தன்னிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல், ஈரக் கையோடு நிற்கிறாள். மூத்தவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

"திங்கட்கிழமை சீக்கிரம் கிளம்பிடு. என் கார்லயே போயிடலாம்" என்று சொல்லிவிட்டு, கழுவிய புட்டிகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.