நீர்மாலைக் கிணறு

கொட்டுச் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் சந்திரவல்லிக்கு உறைத்தது. அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகிறார்கள். தம்பி வீரணன் கிணற்றில் முங்கி, ஈரத்தோடு குடம் சுமந்து வர வேண்டும். அந்தத் தெருச் சாவுக்கெல்லாம் மருந்துக் கம்பெனிச் சுவரை ஒட்டிய கிணறுதான்.

எமர்ஜென்சி முடிந்த வருசம் வந்த கம்பெனி. மலையில் ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து அங்கே கலந்துதான் ஜீப்பில் போடிமெட்டு ஏறும். கிணறு நாறியதும் சனம் குடிப்பதை விட்டது. செத்தவனை அது என்ன செய்யப்போகிறது என்று நீர்மாலையை மட்டும் விடவில்லை.

அங்கே வேலை பார்த்த அப்பாவுக்கு நேற்று மத்தியானம் சோறு கொண்டுபோனபோது அவள் பார்த்தாள். தவசி கிணற்றுமேட்டில் வெறுங்கையோடு மருந்து டிரம்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தண்ணீர் பாலாய் வெளுத்து, திரும்பக் கிணற்றுக்குள்ளேயே வழிந்தது. சாயங்காலம் அவருக்குக் கண் இருட்டியது, வாயில் நுரை தள்ளியது, கைகால் வெட்டி இழுத்தது. விடியுமுன் முடிந்துவிட்டது. நெஞ்சுவலி என்று கம்பெனி மேஸ்திரி மாலையோடு வந்து சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வாசலில் தாய்மாமன் பெரியகருப்பன் நின்றார்.

"மாமா, அந்தத் தண்ணியில மருந்து கெடக்கு. தம்பிய எறங்க விடாதீக."

"குடிக்கவா போறான்? ஒரு முங்குதான. நீ பி.ஏ. படிச்சதுக்காகப் பொணத்த நாறப் போடச் சொல்றியா?"

அவரைத் தள்ளிவிட்டு ஓடினாள். பாதி வழியில் அவர்கள் எதிரே வந்துவிட்டார்கள். நாலு பேர் தலைக்குமேல் விரித்துப் பிடித்த வேட்டிக்கு அடியில், குடத்தோடு வீரணன். நனைந்த மயிரிலிருந்து கண்ணுக்குள் சொட்டியது.

குடத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். கொட்டு நின்றது. இவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். யாரையும் கிட்டே விடாமல் தம்பியைத் தெருக்குழாய்க்கு இழுத்துப்போய், அங்கே எவளோ வைத்துப்போன பார்சோப்பால் முகம், கழுத்து, முதுகென்று தேய்த்தாள்.

"விடுக்கா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். நில்லுடா."

அப்பன் குளிக்காமல் கிடக்கிறான் என்று பின்னால் வந்த மாமா கத்தினார். அவள் திரும்பவில்லை.

வீரணன் நுரையை வழித்துவிட்டு மலைப்பக்கம் பார்த்தான்.

"மழ வருதாக்கா? இருட்டிக்கிட்டு வருது."

குழாயின் மேல் உச்சிவெயில் அடித்தது. சந்திரவல்லி அவன் முகத்தைப் பார்க்காமல் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.